ஆற்றின் பெயரால்

வெண்சுண்ணத்தைத் தண்ணீரில் குழைத்து நெற்றி நடுவிலிருந்து மூக்கு நுனிவரை ஒரே கோடாக இழுக்கும்போது அபேக்கேயின் விரல் ஒரு நாளும் நடுங்கியதில்லை. இன்றைக்கும் நடுங்கவில்லை, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. நடுங்கியிருக்கலாம். கோணலாகப் போயிருந்தால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம், கொஞ்ச நேரம் கழியும். இபாதான் நகரத்து அரங்கின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத இந்த ஒப்பனை அறையில், மதியத்து வெக்கை ஈரத்துணிபோல முதுகில் ஒட்டிக்கிடந்தது. கரண்ட் போய்விட்டதால் வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலுக்கு மேலாக மேடையில் ராஜாவாக நடிப்பவன் கத்துவது கேட்டது. இரண்டாம் அங்கம் நடக்கிறது. ராஜா இப்போது கோயில் காட்டின் இரோக்கோ மரங்களைத் தன் அரண்மனைத் தூண்களுக்கு வெட்டச் சொல்கிறான். ஆற்றுப் பாலத்துக்கு உளுத்த மரம் போதும் என்கிறான். அடுத்து ஓஷுன் ஆற்றம்மனின் பூசாரிச்சிக்கு ஆள் அனுப்புவான், உனக்குப் புதுக் கோயில் கட்டித் தருகிறேன், வாயை மூடிக்கொண்டிரு என்று. அந்தப் பூசாரிச்சி அபேக்கேதான். அவள் மேடைக்குப் போவாள், புதுக் கோயிலை வாங்கிக்கொள்வாள், வாயை மூடிக்கொள்வாள், பாலம் விழும், ஜனம் சாகும், கடைசிக் காட்சியில் ஓஷுனே அவள் மேல் இறங்கி, அவள் மூடிய வாயைப் பிளந்து, யார் கொன்றது என்று சபை நடுவில் சொல்லவைப்பாள். எத்தனை ஊர்களில் எத்தனை முறை. சந்தைத் திடலில், பள்ளிக்கூட மைதானத்தில், லாரியின் பின்பலகையை இறக்கி அதன்மேல். ஒரு தடவைகூட அவளுக்கு வரி மறந்ததில்லை. இன்றைக்கு மறக்க வேண்டும். பழைய நான்கு வரியை மறந்துவிட்டுப் புதிய நான்கு வரியைச் சொல்ல வேண்டும். நான்கே வரிதானே அபேக்கே, என்றார் அவள் புருஷன். நாடகத்தை எழுதியவர் அவர், இயக்குபவர் அவர், பழைய வரியும் அவருடையது, புதிய வரியும் அவருடையது. அவருடைய வரியை அவர் மாற்றினால் அவளுக்கு என்ன வந்தது? இதை அவள் காலையிலிருந்து தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள், தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை நாக்கால் தேடுவதுபோல.

பழைய வரி: என் தண்ணீர் யாரையும் இழுக்கவில்லை. உளுத்த மரம் இழுத்தது, உளுத்த மரத்தை ஒரு கை வைத்தது. அந்தக் கை மோதிரம் போட்டு இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறது. அதை நான் அறிவேன். இதைச் சொல்லும்போது அவள் கையை நீட்டி மேடையிலிருக்கிற ராஜாவைக் காட்ட மாட்டாள், கூட்டத்தைக் காட்டுவாள். பொதுவாக, யாரையும் குறிக்காமல். அப்போது ஒவ்வொரு ஊரிலும் முன்வரிசையில் யாராவது ஒருவர் நாற்காலியில் நெளிவார். அந்த நெளிவுக்காகவே சனம் அடுத்த ஊருக்கும் நடந்து வந்து பார்த்தது. இப்போது முன்வரிசையில் இருப்பவர் ஒத்துன்பா லாதிப்போ. ஒத்துன்பா என்பது ஊரின் பரம்பரை ராஜா கொடுத்த பட்டம். அப்பா அம்மா வைத்த பெயரே மறந்துபோகும் அளவுக்கு ஊர் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடும். அபா-ஓடோ ஊரில் ஆற்றின்மேல் பாலம் கட்டியது அவருடைய ஆட்கள். போன மழைக்காலத்தில், மழை இன்னும் வலுக்காத ஒரு சந்தை நாளில், அந்தப் பாலம் நடுவில் ஒடிந்து தலையில் கூடையோடு நடந்துகொண்டிருந்தவர்களை ஆற்றில் கொட்டியது. வெள்ளம் என்றது அரசாங்கம். ஒடிந்த இடத்தைப் பார்த்தவர்கள் கம்பியே இல்லை என்றார்கள். விரலை விட்டால் மணலாக உதிர்ந்தது என்றார்கள். அந்த வாரமே அவள் புருஷன் கதவைச் சாத்திக்கொண்டு இந்த நாடகத்தை எழுதினார். சாப்பாட்டை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள், திறக்கவே மாட்டார். எழுதி முடித்து வெளியே வந்த அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பார்த்து மயங்கிய அதே வெளிச்சம். அது எங்கே போகும்? எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணைகிறது, மனுஷனுக்கு எது தீர்கிறது? நகராட்சி அவர்களுடைய ஒத்திகைக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டது. காரணம் சொல்லவில்லை. உடுப்பெல்லாம் ஒரு சர்ச்சின் பின்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே கிடந்து பூஞ்சை பிடித்தது. நடிகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், ஒருவன் சினிமாவுக்கு, ஒருத்தி லாகோஸில் தையல் கடைக்கு. பிறகு ஒருநாள் ஒத்துன்பாவிடமிருந்து ஆள் வந்தான், சிரித்த முகத்தோடு. கொட்டகை உங்களுடையதுதானே, யார் பூட்டியது, ஐயா ரொம்ப வருத்தப்பட்டார். ஐயாவுக்கு நாடகம் என்றால் உயிர். ஐயா இந்த நாடகத்தைப் பார்க்கவே ஆசைப்படுகிறார். புதுக் கோயில் கட்டித் தருகிறேன் என்று மேடையில் ராஜாவின் ஆள் வந்து சொல்லும் அதே தோரணை. அவள் புருஷன் அந்த வசனத்தை எழுதியவர். எழுதிய மனுஷனுக்கே எதிரில் நின்று பேசும்போது அடையாளம் தெரியவில்லையா, இல்லை, தெரிந்துதான் தலையாட்டினாரா?

பித்தளை வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஓஷுனுக்குப் பித்தளை, தேன், தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அபேக்கே சர்ச்சில் பாட்டுக் குழுவில் நிற்பாள். இதெல்லாம் கலாச்சாரம்தானே தங்கச்சி, நம்பாமல் ஆடினால் பாவமில்லை என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். நம்பாமல் ஆடுகிறாளா? சாமி வருவதற்கு ஒரு முறை உண்டு, அதை அவள் உடம்பு பாடமாக வைத்திருக்கிறது. முதலில் இடது குதிகால், பிறகு தோள், பிறகு கழுத்து, கண் மேலே செருகும், குரல் அடிவயிற்றுக்கு இறங்கும். இதில் நம்பிக்கைக்கு எங்கே இடம்? ஆனால் இந்த நாடகத்துக்கு முந்திய அம்மன் நாடகங்களில் குழுவின் மேளக்காரன் அயன்துண்டே அடித்தபோது அது வேறு. உடுக்கைபோல இடை சிறுத்த பேசும் மேளத்தைக் கக்கத்தில் இடுக்கி அவன் கயிற்றை நெரித்தால் அது வார்த்தையாகவே பேசும். யொருபா மொழி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஏற்ற இறக்கமே சொல். அவள் மூச்சு எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியும், அங்கே வந்து காத்திருப்பான். அவள் சாமியாடி உச்சத்தில் நிற்கும்போது கூட்டமெல்லாம் அம்மன் துதி என்று கேட்டுக்கொண்டிருக்க, அவன் மேளத்தில் ரகசியமாக, அக்கா இடுப்புத் துணி அவிழுது, அக்கா இடுப்புத் துணி அவிழுது என்று அடிப்பான். கண் செருகிய நிலையிலேயே அவள் ஒரு கையால் முடிச்சை இறுக்குவாள். அம்மன் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள் என்று சனம் சிலிர்க்கும். சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக் கடித்து அவள் உதட்டில் ரத்தம் வந்த நாளும் உண்டு. அபா-ஓடோதான் அவன் ஊர். அந்தச் சந்தை நாளில் அம்மாவைப் பார்க்கப் போனான். மேளத்தையும் எடுத்துக்கொண்டு போனான். மேளம் மிதந்து வந்தது, அவன் வரவில்லை. மறுநாள், கீழே வெகுதூரத்தில், மூங்கில் புதரில். அவன் கன்னத்தில் மணல் அப்பியிருந்தது. எந்த மணல்? ஆற்று மணலா, பாலத்து மணலா? இதை நினைக்கக் கூடாது. நெற்றிக் கோடு வியர்வையில் கலைகிறது. இப்போது அடிப்பவன் நல்ல பையன், தாளம் தப்பாது, ஆனால் அவன் அடிக்கும் மேளம் தாளம் மட்டும்தான், பேச்சில்லை.

பூசாரிச்சி புதுக் கோயிலை ஏற்கும் காட்சியை ஆடிவிட்டுப் பக்கத் திரைக்கு வந்தவள், திரையின் கிழிசலில் கண்ணை வைத்துப் பார்த்தாள். முன்வரிசை நடுவில் ஒத்துன்பா. கருநீல அக்பாடா அங்கி, பவள மாலை, விசிறி. பருத்த, அன்பான முகம். அந்த முகத்தில் எங்காவது ஒரு கெட்ட கோடு இருக்கும் என்று தேடினாள், இல்லை. பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார், பூசாரிச்சி நன்றாக நடிக்கிறாள் என்று சொல்லியிருப்பார். அவருக்குப் பின்வரிசையில் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள்போல ஒரு கூட்டம், ஊர்ப்புறத்துத் துணிகள், கூச்சத்தோடு மடியில் கைவைத்து. அவர்கள் நடுவில் ஒரு பெண். சலவை வெள்ளை உடுத்தி, கழுத்தில் தேன்நிற மணிமாலை, ஓஷுனை வழிபடுகிறவர்கள் போடும் மாலை. நாடகம் பார்ப்பவள் முகமாக அது இல்லை. கோயில் நடை திறக்கக் காத்திருப்பவள் முகம். அயன்துண்டேயின் அம்மா. புதைத்த அன்று பார்த்தது. அன்று அவள் அழவில்லை, குழியைப் பார்த்து, ஈரமா இருக்கே, ஈரமா இருக்கே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தாயோ அப்பா." அவள் புருஷன் பாமிதேலே பக்கத்தில் வந்து நின்றிருந்தார். மகன் தாயோ பிறந்த நாளிலிருந்து அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். "அந்த அம்மா எப்படி இங்க வந்தா?"

"ஒத்துன்பாதான் கூட்டிட்டு வந்திருக்கார். பாலத்துல செத்தவங்க வீட்டு ஆளுங்க எல்லாரையும். சமாதானமாப் போகட்டும்னு."

"அவ கோர்ட்டுல புகார் குடுத்திருக்கா இல்ல?"

அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ ஒருத்திதான் இன்னும் திரும்ப வாங்கல."

"அவ நாடகம்னு பாக்க மாட்டா. மாலையைப் பாத்தீங்களா? அவ அம்மனைப் பாக்க வந்திருக்கா."

"அபேக்கே, நாடகம் நாடகம்தான். பாக்கறவங்க எப்படிப் பாத்தா நமக்கென்ன."

"இந்த வரியை எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா, அவ வருவான்னு?"

மேடையில் பாலம் விழுகிற சத்தம், தகரத்தை உலுக்குகிற சத்தம், அவர் பதிலை விழுங்கிக்கொண்டது. அவள் கையைப் பிடித்து அழுத்தினார், அந்தக் கை குளிர்ந்திருந்தது, பயந்தவன் கை. அவரையும் அவளால் வெறுக்க முடியவில்லை. "பசங்க முகத்தைப் பாரு, கொட்டகை திறக்கும்னு நம்பி நிக்கறாங்க" என்றார். பார்த்தாள். இருட்டில், செத்த ஜனமாகப் படுக்கப்போகும் நடிகர்கள் வரிசையாக நின்றார்கள்.

கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த சுரைக்குடுக்கையைத் தலையில் வைத்தார்கள். குளிர்ச்சி உச்சியில் இறங்கியது. புதிய வரி: என் பிள்ளைகளை நானே அழைத்தேன். என் வீட்டுக்கு நானே கூட்டிப்போனேன். கரையில் நிற்பவர்களே, யாரையும் நோகாதீர்கள். தாய் எடுத்ததற்கு வழக்கு ஏது? கேட்க அழகான வரிதான், பழையதைவிட அழகு. பொய்யை எழுதும்போது மனுஷன் இவ்வளவு மெனக்கெடுகிறான். வழக்கு என்ற அந்த வார்த்தை. அது தானாக வந்து விழுந்த வார்த்தையா, சிரித்த முகத்து ஆள் கொண்டுவந்து கொடுத்ததா? பழைய வரியைச் சொல்லிவிடலாம். கையை நீட்டலாம், இந்த முறை பொதுவாக இல்லாமல், நேராக, அந்தப் பவள மாலையை நோக்கி. அப்புறம்? கொட்டகை போகும். அது மட்டுமா போகும்? போன தேர்தலில் ஒரு நிருபன் வீட்டுக்குப் போகும் வழியில் காணாமல் போனான். தாயோ இன்னும் இதே ஊரில் பஸ் ஏறி வேலைக்குப் போகிறான். இதை நினைத்ததும் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது, மகனுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இல்லை, மகன் இல்லை, நான்தான், எனக்குத்தான் பயம், எனக்குத்தான் மறுபடி ஒரு கூரைக்குக் கீழே, ஒரு நல்ல விளக்குக்குக் கீழே நிற்க ஆசை. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, இத்தனை வருஷத்தில் வராத நினைப்பு: நீயே வந்துவிடேன். உன் பெயரைத்தானே சொல்லப்போகிறார்கள். நிஜமாகவே இறங்கு. என் வாயை நீ எடுத்துக்கொள், எது உண்மையோ அதை நீயே சொல்லிவிட்டுப் போ. அப்புறம் யார் கேட்டாலும் நான் சொல்வேன், நான் இல்லை, எனக்கு நினைவே இல்லை, அவள்தான். பாஸ்டரிடமும் சொல்வேன். சர்ச்சில் பாடுகிற வாயால் ஓஷுனைக் கூப்பிட்டாள் அபேக்கே, குழந்தை அம்மாவைக் கூப்பிடுவதுபோல, உதடு அசையாமல். வா. இன்றைக்கு ஒரு நாள் வா.

மேளம் மாறியது. அவள் உள்ளே நடந்தாள். வெளிச்சம் முகத்தில் அடித்து எல்லா முகமும் அழிந்து, கறுப்பு வெல்வெட்டுபோல ஒரு சுவர் மட்டும் எதிரில் நின்றது, அதில் ஒரே ஒரு வெள்ளைத் துணி. குடுக்கையிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்துக்குள் போயிற்று. அதை இறக்கி மேடை நடுவில் வைத்தாள். இடது குதிகால் தட்டத் தொடங்கியது. வருகிறாளா? இது நான். தோள் குலுங்கியது. இதுவும் நான். கழுத்து ஒடிந்ததுபோலப் பின்னால் சாய்ந்து, கண் செருகி, உலகம் இமைக்குள் சிவப்பாகச் சுழன்றது, அந்தச் சிவப்புக்குள் அவள் காத்திருந்தாள், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்பவள்போல. உள்ளே காலடிச் சத்தம் இல்லை. ஜெனரேட்டர் கேட்டது. யாரோ இருமினார்கள். முழங்காலில் பழைய வலி. அவ்வளவுதான் இருந்தது, அவளும் அவள் முழங்காலும். யாரும் வரமாட்டார்கள் அபேக்கே. சொல்வதானால் நீதான் சொல்ல வேண்டும், இந்தச் சாதாரண வாயால், மதியம் அவித்த சேனை தின்ற வாயால். மேளம் அடங்கியது. மேளம் நின்ற அந்த இடத்தில் அயன்துண்டே இருந்திருந்தால் காத்திருந்திருப்பான், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். அவன் நினைப்பு வந்ததும் அவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது, ஒப்பனை எதுவும் கொண்டுவர முடியாத நிஜக் கண்ணீர், மூக்கோரத்துச் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வாய்க்குள் இறங்கியது, அந்தக் கரிப்போடு வாய் திறந்தது. என் பிள்ளைகளை நானே அழைத்தேன் என்று சொன்னது. சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு குரல் அவளுக்கு வந்ததே இல்லை. விரிசல் விட்டு, ஈரமாக, பெற்றவள் குரலாக. என் வீட்டுக்கு நானே கூட்டிப்போனேன். அவனுக்காக வந்த அழுகை, அவனைக் கொன்றவனுக்குச் சாட்சி சொல்லப் போய்விட்டது. கரையில் நிற்பவர்களே, யாரையும் நோகாதீர்கள். நிறுத்து, நிறுத்து என்று எதுவோ உள்ளே தட்டியது, வாய் நிற்கவில்லை, இவ்வளவு நன்றாக வருகிறதே என்று ஒரு நடிகை அவளுக்குள் வியந்துகொண்டிருந்தாள், அவளை அபேக்கே கொல்ல விரும்பினாள். தாய் எடுத்ததற்கு வழக்கு ஏது? கறுப்புச் சுவரில் அந்த வெள்ளைத் துணி மெல்ல நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. பின்னாலேயே இன்னும் பலர். யாரும் கைதட்டவில்லை. கோயிலில் யார் கைதட்டுவார்கள்?

ஒப்பனை அறைக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஈரத்துணியை முகத்துக்குக் கொண்டுபோய், துடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே சிரிப்பும் வாழ்த்தும். ஒத்துன்பாவின் கனத்த குரல், "அழவச்சிட்டாங்க, நிஜமா அழவச்சிட்டாங்க." கதவு திறந்தது. அயன்துண்டேயின் அம்மா உள்ளே வந்து கதவுப் பக்கத்திலேயே மண்டியிட்டாள். கறுப்புச் சோப்புக் காய்ச்சி விற்பவள், கையெல்லாம் சாம்பல் காரம் தின்ற வெடிப்பு.

"எழுந்திருங்கம்மா. நான் அபேக்கே. அயன்துண்டே கூட ஆடினவ."

"தெரியும் தாயே. அபேக்கே உடம்புலதான் நீ வந்தே." அவள் நிமிரவில்லை. "நான்தான் புரியாம உன்மேலயே கேஸு போட்டிருக்கேன். நீ எடுத்ததுக்கு நான் யார்கிட்டப் போய் நியாயம் கேக்கறது? அந்தப் பெரிய மனுஷனைச் சபிச்சேன், தினமும் விடிஞ்சதும் சபிச்சேன். நாளைக்கே திரும்ப வாங்கிடறேன்."

இப்போது. ஒரு வாக்கியம்தான். அந்த வரியை என் புருஷன் எழுதினார். இதோ, இந்த அறையில் வேறு யாரும் இல்லை, மேளமும் இல்லை, மேடை விளக்கும் இல்லை. அபேக்கே வாயைத் திறந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள் அந்த அம்மா, இப்போதுதான் முகத்தைத் தூக்கினாள். அந்த முகம் தூங்கி வெகுநாளாகியிருந்தது. "அவன் தவிச்சானா? தண்ணிக்குள்ள மூச்சு முட்டி, அம்மான்னு கூப்பிட்டானா? எல்லாரும் இல்லை இல்லைங்கறாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீ அங்க இருந்தே. உனக்குத் தெரியும்."

மூங்கில் புதர். கன்னத்து மணல். விரல்கள் எதையோ பிடிக்கப் பார்த்த நிலையிலேயே விறைத்திருந்தன. அபேக்கே அதைப் பார்த்திருக்கிறாள். உண்மை என்றால் முழு உண்மை. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க முடியாது. நான் சாமி இல்லை என்று சொன்னால், இந்தக் கேள்விக்கும் பதில் இல்லை என்று ஆகும், இவள் இந்த முகத்தோடேயே வீட்டுக்குப் போவாள், நாளைக்கு எழுந்து சபிப்பாள், கோர்ட்டு வாசலில் நிற்பாள். அது அவளுடைய உரிமை. எடுத்துக்கொள்ள அபேக்கே யார்? இரக்கமா இது, கோழைத்தனமா, இரண்டும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் எப்படிப் பிரித்தறிவது? அவள் கை தானாகப் போய் அந்தத் தலைமேல் உட்கார்ந்தது. குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"இல்லை மகளே. தூங்குற பிள்ளையைத் தூக்குற மாதிரி தூக்கினேன்."

அந்தப் பெண்ணின் தோள்கள் தளர்ந்தன. ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ இறக்கி வைத்தவள்போல நீளமாக மூச்சு விட்டாள். அபேக்கேயின் பாதத்தைத் தொட்டுத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள், எழுந்தாள், கதவைச் சாத்தாமல் போனாள். நடைவழியில் ஒத்துன்பா யாருடனோ படம் எடுத்துக்கொள்ள நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் போய் அவள் மண்டியிடுவதை அபேக்கே நாற்காலியிலிருந்தே பார்த்தாள். "ஐயா, உங்களைச் சபிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க." ஒத்துன்பா திடுக்கிட்டார். விசிறியைக் கீழே போட்டுவிட்டு, பருத்த உடம்பை வளைத்துக் குனிந்து, இரண்டு கையாலும் அவளைத் தூக்கி நிறுத்தினார், சொந்தத் தாயைத் தூக்குவதுபோல. "ஐயோ அம்மா, நீங்க போய் என்கிட்ட..." என்றார், குரல் உடைந்தது. அவர் முகத்தை வெளிச்சம் நேராகத் தொட்டது. அது நடிப்பென்றால் அவளுக்குத் தெரிந்திருக்கும், வாழ்நாள் முழுக்க நடிப்பைப் பார்த்தவள். அது நடிப்பில்லை. அவர் நிஜமாகவே இரங்கினார். தன் மேல் எந்தப் பழியும் இல்லை என்று அம்மனே சொல்லிவிட்ட பிறகு, சுத்தமான மனதோடு, ஒரு ஏழைத் தாய்க்காக இரங்கினார்.